வெளியே நிற்க வேண்டியவர்

"அடுத்து நூற்று நாற்பத்தேழாம் கட்டுரை. சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார் தலைவர்.

அறை முழுக்க மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்தது.

சிப் வடிவமைக்கும் மென்பொருள்கள் பற்றிய மாநாடு அது. வந்த கட்டுரைகளில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் கூட்டம். எழுதியவர் பெயரை மறைத்துத்தான் பேசுவார்கள். ஆனால் 'இன்னார் என் கட்டுரையைப் பார்க்க வேண்டாம்' என்று எழுதியவர் படிவத்தில் குறித்திருந்தால், அந்த இன்னார் எழுந்து வெளியே போய்விட வேண்டும். காரணம் தலைவருக்கு மட்டுமே தெரியும்.

பதினாறு வருஷமாகக் குழுவில் இருப்பவர் மீசைக்காரர். ஒருமுறைகூட அவரை யாரும் வெளியே அனுப்பியதில்லை. அவருக்கு இரண்டடி முன்னால் அவர் மீசை அறைக்குள் நுழையும் என்பார்கள். அன்று அது இரண்டடி பின்தங்கி வெளியே போனது.

வராந்தாவில் புரொபசர் அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். முந்தைய கட்டுரை அவர் கணவருடையது. அதற்காக வெளியே வந்தவர், டீ முடியட்டும் என்று நின்றுவிட்டார்.

"வாங்க. உங்களையுமா தள்ளிட்டாங்க?"

"எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்மா."

"பேரைத்தான் மறைச்சிருக்கே?"

"என்னை வேண்டாம்னு எழுத உலகத்துல ஒருத்திக்குத்தான் தைரியம் உண்டு. பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. வாய் நிறைய அண்ணான்னு கூப்பிட்டவ. வேற கம்பெனிக்குப் போனா, சரி. இப்ப நாலு வருஷமா ஒரு போன் கிடையாது."

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறும். நாலு வருஷம் முன்னாடி இதே மாநாட்டுக்கு எழுதியிருந்தா. அந்தக் கட்டுரை எங்கிட்டதான் வந்துச்சு."

"பேரில்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சேவல்" என்றார் மீசைக்காரர். "சிப்புக்குள்ள எல்லாப் பகுதியும் ஒரே தாளத்துல ஓட ஒரு துடிப்பு போகும் இல்லையா? அது கிளம்புற இடத்துல நாமெல்லாம் சதுரம் போடுவோம். அவ சின்னதா ஒரு சேவல் போடுவா. எல்லாரையும் எழுப்பி விடுறதாம். பார்த்ததும் சிரிச்சுட்டேன். பத்துக்குப் பத்து போட்டேன். 'சேவல் பிரமாதம்'னு ஒரு வரியும் எழுதினேன்."

"ஒரே வரியா?"

"பத்துக்குப் பத்து போட்டவன் வேற என்ன எழுதணும்?"

புரொபசர் அம்மா கோப்பையை இறக்கினார். "அந்த வருஷம் மேடையில ஒரு பொண்ணு பேச்சில்லாம நின்னாங்களே? பின்வரிசையில ஒரு மாணவன் எழுந்து நாலாவது அட்டவணையில இருந்த தப்பைப் பத்திக் கேட்டதும்?"

"அவதான்" என்றார். மீசைக்காரர் குடிநீர் மெஷினில் தண்ணீர் பிடிக்கப் போனார். ஏற்கெனவே கையில் ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் இருந்தது.

கண்ணாடிக் கதவு வழியே உள்ளே நடப்பது தெரிந்தது, கேட்கவில்லை. யாரோ திரையைக் காட்டிக் கையை ஆட்டினார். இன்னொருவர் மேஜையைத் தட்டினார்.

"குடைஞ்சு எடுக்கிறாங்க" என்று முனகினார் மீசைக்காரர். "இந்தத் தடவையும் போச்சுன்னா கம்பெனியில அவ குழுவையே கலைச்சுடுவாங்களாம். ஆறு பேர் இருக்காங்க."

"பேசறதே இல்லைன்னீங்க?"

"பேசறதில்லை. விசாரிக்கிறதில்லைன்னு சொன்னேனா?"

புரொபசர் அம்மா சிரித்தார். "நான் உள்ள இருந்திருந்தா என் வீட்டுக்காரர் கட்டுரை நிச்சயம் தோத்திருக்கும். அவர் எழுதுற லட்சணம் எனக்குத்தானே தெரியும். நீங்க உள்ள இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நானா? நியாயமா நடந்திருப்பேன்."

மீசையே நம்பாத மாதிரி துடித்தது.

உள்ளே கைகள் உயர்ந்தன. ஒன்று, மூன்று, எட்டு, பன்னிரண்டு.

"ஐயோ, இது சேர்க்கவா, தள்ளவா?" மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். கையிலிருந்த காகிதக் கோப்பை நசுங்கி, தண்ணீர் சட்டையில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

கதவு திறந்தது. தலைவர் கையில் தாள்களோடு வந்தார்.

"சேர்த்தாச்சு சார். இவ்வளவு நேரமா தோண்டித் துருவிப் பார்த்தாங்க. ஒரு தப்பு கிடைக்கலை."

மீசைக்காரர் பெருமூச்சு விட்டார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "நல்லது. எனக்கென்ன வந்தது?"

"இதை உங்ககிட்ட காட்டணும். முடிவானதும் காட்டச் சொல்லி எழுதினவங்களே கேட்டிருக்காங்க."

முதல் பக்கத்துப் படத்தைத்தான் தேடினார். துடிப்பு கிளம்பும் இடத்தில் வெறும் சதுரம்.

"பாருங்கம்மா, சேவலையும் எடுத்துட்டா. என் ஞாபகமே வேண்டாம்னு."

"கடைசித் தாளைப் பாருங்க" என்றார் தலைவர்.

படிவம். 'இவர் ஏன் பார்க்க வேண்டாம்?' என்ற கேள்விக்குக் கீழே இருந்த கட்டம் போதாமல் ஓரத்திலும் பதில் ஓடியிருந்தது. மீசைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'அண்ணன் எனக்குப் பத்துக்குப் பத்து போடுவார். சேவல் பிரமாதம் என்று எழுதியது யார் என்று எனக்குத் தெரியாதா? அன்று மேடையில் நான் விழித்தபோது, முன்வரிசையில் அவர் என்னைவிட அதிகமாக வியர்த்தார். தப்பு அவர் கண்ணில் முன்பே பட்டிருக்கிறது, என்மேல் உள்ள பிரியத்தில் விட்டுவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் கோபம் எனக்கு எப்போதோ போய்விட்டது. சொந்தக் காலில் ஜெயித்துவிட்டுப் போன் பண்ணலாம் என்றுதான் இருக்கிறேன். அதனால் இந்த முறை அவர் வெளியே நிற்கட்டும். சேவல், அச்சுக்குப் போகும்போது வந்துவிடும். மேடையில் முதல் கேள்வியை மட்டும் அண்ணன்தான் கேட்க வேண்டும். கஷ்டமான கேள்வியாக.'