இன்ஜின் ஆறட்டும்

காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்த லாரி, வாசலோரம் இருந்த தண்ணீர் பீப்பாயை ஓர் இடி இடித்துவிட்டுத்தான் நின்றது.

"வழியில யாருப்பா பீப்பாயை வச்சது?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் இறங்கினார்.

பட்டறை திறந்த நாளிலிருந்து பீப்பாய் அந்த மூலையை விட்டு அசைந்ததில்லை. மெக்கானிக் பீப்பாயை ஒரு தடவை, டிரைவரின் சிவந்த கண்களை ஒரு தடவை பார்த்தார்.

"என்னண்ணே பிரச்சினை?"

"மேடு ஏறும்போது மூச்சு வாங்குது. ஒரே கரும்புகை. இன்ஜின் தலையில டக்கு டக்குன்னு சத்தம் வேற. டேப்பெட் இடைவெளியைச் சரியா வச்சு, அப்படியே டீசல் அடிக்கிற இன்ஜெக்டரையும் சரி பண்ணிடு தம்பி. ஒரு மணி நேரத்துல நான் கெளம்பியாகணும்."

"அப்படி என்ன அவசரம்?"

"என் பொண்ணு கைப்பந்து ஆடுறா. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கடைசி ஆட்டம். இதுக்கு முன்னாடி ரெண்டு ஆட்டத்துக்கும் போகாம ஏமாத்திட்டேன். இன்னிக்கும் போகலைன்னா அப்பான்னுகூட கூப்பிட மாட்டா."

"இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"மூணு மணி நேர ஓட்டம். ஊர்க்கதை அப்புறம் பேசலாம், முதல்ல கவரைக் கழட்டு."

மெக்கானிக் இன்ஜின் மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"கொதிக்குது. ஆறட்டும்."

"ஆறட்டுமா?"

"இரும்பு சூட்டுல விரிஞ்சு கெடக்கும்ணே. இப்ப டேப்பெட் இடைவெளி வச்சா ஆறினதும் அளவு மாறிடும். பதினோரு மணிக்குத் தொடலாம். ஒரு மணிக்குள்ள வண்டி உங்க கையில."

டிரைவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேலை தெரியாதவனுக்கு இன்ஜின் சூடு ஒரு சாக்கு.

"இருபது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

மெக்கானிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார். அதையும் உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி நிதானமாக உரித்தார்.

"உள்ள கட்டில் இருக்கு. ஃபேனும் ஓடுது. போய் உக்காருங்களேன்."

"எனக்குக் கட்டிலும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம்."

வேண்டாம் என்றவர் பக்கத்தில் வேறு பட்டறை உண்டா என்று போனில் விசாரித்தார். இல்லை என்றார்கள். அடுத்தது மகளைக் கூப்பிட்டார்.

"வந்துடுவேன்டா கண்ணு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்கப்பா" என்றாள் மகள்.

டிரைவர் முகம் செத்துப்போனது. போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனார். "சோம்பேறிப் பய, காலையிலேயே பழம் தின்னுக்கிட்டு..." என்று முணுமுணுத்தவாறு கட்டிலில் உட்கார்ந்தார். திட்டு பாதியில் நின்றது. உட்கார்ந்தவர் சாய்ந்தார், சாய்ந்தவர் குறட்டை விட்டார்.

விழித்தபோது மணி பன்னிரண்டு. பதறியடித்து வெளியே ஓடினார்.

கவர் கழற்றியிருந்தது. மெக்கானிக் இன்ஜினைக் கையால் சுழற்றி, அடையாளக் கோட்டில் நிறுத்தி, வால்வுக்கும் அதன் தலையை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றை நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தார். தகடு லேசாகப் பிடித்துப் பிடித்து வந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நட்டை முடுக்கினார். முடுக்கியபின் மறுபடி தகட்டை விட்டுப் பார்த்தார். இன்ஜெக்டர் திருகுகளுக்கும் அதே பொறுமை. ஒவ்வொன்றையும் முடுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர் போட்டு முடுக்கி, இரண்டாம் முறை சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார்.

வேலை தெரிந்த கை என்பது டிரைவருக்கே புரிந்தது. ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

பன்னிரண்டரைக்கு வண்டியைக் கிளப்பினார்கள். புகை இல்லை. டக்கு டக்கும் போன இடம் தெரியவில்லை.

"பரவாயில்ல" என்றார் டிரைவர். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

பல்லைத் துலக்கி, முகம் கழுவி, தெம்பாக ஏறி உட்கார்ந்து கியரில் கை வைத்தபோது ஒரு பஸ் உள்ளே வந்தது. காலியாக, கரும்புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. டிரைவரின் லாரிக்கு இருந்த அதே கம்பெனி, அதே மாடல் இன்ஜின்.

"டேப்பெட் சத்தம் தாங்கல" என்று இறங்கினார் பஸ் டிரைவர்.

மெக்கானிக் இன்ஜினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கையுறையை மாட்டினார், ஸ்பானரை எடுத்தார், ஆவி பறக்கும் இன்ஜினின் கவரைக் கழற்ற ஆரம்பித்தார்.

லாரி டிரைவர் கதவைத் திறந்து குதித்தார்.

"எனக்கொரு நியாயம், அவருக்கொரு நியாயமா? இது மட்டும் கொதிக்கலையா?"

"கொதிக்குதுண்ணே. இந்த மாடல் இன்ஜினுக்கு ரெண்டு அளவு உண்டு. ஆறினதுக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு. எப்படி வேணும்னாலும் வைக்கலாம்."

"அப்ப எட்டு மணிக்கே என் வண்டியைப் பார்த்திருக்கலாமே? மூணு மணி நேரம் எதுக்கு என்னை உக்கார வச்ச?"

மெக்கானிக் நட்டைக் கழற்றியபடியே, தலை நிமிராமல் சொன்னார்.

"அந்த டிரைவர் ராத்திரி தூங்கிட்டு வந்திருக்காருண்ணே."