கயிறு திரித்தவர்கள்

"நைனா! உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

களத்துமேட்டில் நின்று கத்தினாள் தேவகி. அவள் அப்பா வேதகிரி, முந்தாநாள் வாங்கிய புதுக் கத்தாழைக் கயிற்றை முறுக்குப் பிரித்து, நார் நாராக உதறிக்கொண்டிருந்தார்.

"ஒரு படி கேவுரு குடுத்து வாங்கினே. இப்ப பிரிச்சிப் போடுறே. நாமளே அரை வயித்துக் கூழு குடிச்சிக்கினு கீறோம்!"

"மெள்ளப் பேசு. முனியன் காதுல வுழப்போவுது."

முனியன் அவருடைய சிநேகிதர். காவாந்தண்டலத்துக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்தவர். அம்மையில் கண் போனபிறகு, உட்கார்ந்த இடத்தில் கயிறு திரிக்கிறார். இனாமாக ஒரு வாய் கஞ்சி வாங்கமாட்டார். வேலிக் கத்தாழையை வெட்டி, ஏரியில் ஊறப்போட்டு, அடித்து, நார் கொண்டுபோய்க் கொடுப்பவர் வேதகிரிதான்.

"ஏரி வத்திப்போச்சு. ஊறப்போட தண்ணி ஏது? நாரு இல்லன்னா அவனுக்கு வேலை இல்ல. வேலை இல்லன்னா துன்னமாட்டான்."

"அதுக்கு? அவரு திரிச்சதையே பிரிச்சி அவருக்கே குடுக்கறியா?"

"புது நாருன்னு சொல்லித்தான் குடுக்கறேன். மூணு வாரமா."

தேவகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணில்லாதவரை இப்படியா ஏமாற்றுவது? நேராக முனியன் குடிசைக்குப் போனாள்.

"மாமா... அந்த நாரு..."

"ஒருக்கா முறுக்கின நாரு. அதானே?" என்றார் முனியன், கை நிற்காமல். "கண்ணுதாம்மா போச்சு. வெரலு கீதே. சுருட்டை வுடாத நாரு, தொட்டதும் தெரியாதா? மொத வாரமே தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சேவா மாமா வாங்கிக்கினீங்க? சொல்லியிருக்கலாமே!"

முனியன் கை நின்றது.

"அவன் போடற கேவுரு எனக்குத் தொண்டைல எறங்கல தாயி. ஆனா நாரு குடுக்கற சாக்குலதான் இங்க வரான். செத்துப்போன உங்கம்மாவ நெனச்சி ஒரு பாட்டம் அழுதுட்டுப் போறான். உன் எதிருல அழமாட்டான்."

தேவகி அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னா வெக்கப்பட்டு வரமாட்டான். அப்புறம் அவன் எங்கம்மா போயி அழுவான்?"