ஏழாம் வாய்ப்பாடும் மரஸ்கேலும்

சாயங்காலம் ஏழு மணி ஆனாலே மரஸ்கேல் புத்தகங்களுக்கு அடியில் ஒளியப் பார்க்கும். அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மகள் தேன்மலரிடம் வாய்ப்பாடு கேட்கும் நேரம் அது. தப்புக்கு ஒரு அடி என்பது அந்த வீட்டுச் சட்டம்.

“இன்னிக்கு ஏழாம் வாய்ப்பாடாம். உனக்கு நிறைய வேலை அண்ணே,” என்று சீண்டியது பக்கத்தில் கிடந்த ரப்பர்.

“அடிக்கிறது அவர், கெட்ட பேரு எனக்கா? என்னைப் பார்த்ததுமே பிள்ளைக்குத் தெரிஞ்சதும் மறந்துபோகுது. இதுக்குப் பேர் சொல்லிக்கொடுக்கிறதா?” என்று பொரிந்தது ஸ்கேல்.

“இதை அவர்கிட்ட கேளு.”

அதற்குள் அப்பா ஸ்கேலை எடுத்துவிட்டார். தேன்மலர் உதட்டைக் கடித்தபடி நின்றாள். அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

“என்னங்க, தட்டுக்கு ஏழு குழி, நாலு தட்டு ஊத்தியிருக்கேன். எத்தனை இட்லி வரும்?”

“இருபத்தாறு,” என்றார் அப்பா, யோசிக்காமலே.

“இருபத்தெட்டுப்பா,” என்றாள் தேன்மலர்.

அம்மா சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? கையை நீட்டுங்க.”

அப்பா அசடு வழிய நீட்டினார். தேன்மலர் ஸ்கேலை வாங்கினாள். ஸ்கேல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

அடி விழவில்லை. அவள் அதை அவர் கையின்மேல் படுக்கவைத்துக் குனிந்து பார்த்தாள்.

“பத்தொன்பது சென்டிமீட்டர்.”

அப்பா ஸ்கேலை வாங்கிக்கொண்டார். பிறகு, “உன்னோடது எவ்வளவு?” என்று கேட்டார்.

அவள் சட்டென்று கையை நீட்டினாள். அவர் ஸ்கேலை அதன்மேல் பூப்போல வைத்தார்.

அப்பாடா என்று நிமிர்ந்து படுத்தது ஸ்கேல்.