அக்கரை விருந்தாளி

"விருந்தாளி உள்ளே சாப்பிடுறார், வீட்டுக்காரி வாசல்ல நிக்கிறா! என்ன லட்சணமோ!"

ராஜரத்தினம் வாய்விட்டே சொன்னார். ருக்மணி மலாக்கா செட்டி, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம்; அவளுக்குத் தமிழ் புரியாது என்கிற தைரியம்தான்.

மனுஷர் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தார். இந்தோனேசியாவும் மலேசியாவும் சண்டை ஓய்ந்து கைகுலுக்கியாயிற்று. இனி சுமத்ராவுக்கும் மலாக்காவுக்கும் சுற்றுலாப் படகு விடலாமென்று பேச்சு. ஊரைப் பார்க்க அக்கரையிலிருந்து வந்திருந்தார் ஹோட்டல்காரர் சினாகா. அவர் முகம் கோணினால் படகு வராது. வரவேற்புக் குழுச் செயலாளர் நம்ம ராஜரத்தினம்.

மத்தியானச் சாப்பாடு காஜா பேராங் பகுதியில் ஒரு செட்டி வீட்டில் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மறுநாள் பொங்கல். சினாகாவோடு சந்தில் நுழைந்ததும் முதல் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். வரிசையாக வாழையிலை, சோறு, மீன் குழம்பு, பலகாரம். ஓர் இலைக்குப் பக்கத்தில் சிகரெட் பாக்கெட்கூட!

"அடடா, தயாரா இருக்காங்களே!" என்று கதவைத் தள்ளித் திறந்தார்.

வாசலில் நின்ற ருக்மணி பதறிப்போய்த் தடுக்கக் கையைத் தூக்கினாள்.

"காலையிலிருந்து பட்டினி, இபு," என்றார் சினாகா, மலாயில் அம்மாவென்று அழைத்து.

தூக்கிய கை இறங்கியது. "சாப்பிடுங்க," என்றாள்.

சிகரெட் இருந்த இலையில் உட்கார்ந்து சினாகா வெளுத்துக்கட்டினார். "போன வருஷம் வரைக்கும் பட்டாளத்துல இருந்தேன். அங்கே இப்படிச் சோறு ஏது!" என்று சிரித்தார். ருக்மணி வெளியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் நாகூர் மீரான் சைக்கிளிலிருந்து குதித்தார். சாப்பாட்டு ஏற்பாடு அவர் பொறுப்பு.

"யோவ் ராஜரத்தினம்! சாப்பாடு அடுத்த சந்துல, பூங்காவனம் வீட்டுலய்யா! இது செத்துப்போனவங்களுக்குப் பிடிச்சதை வச்சுப் படைச்ச இலை. அவங்க வந்து சாப்பிட்டுப் போற வரைக்கும் வீட்டாளுங்களே உள்ளே போகமாட்டாங்க!"

ராஜரத்தினம் அந்த இலையை எட்டிப் பார்த்தார். ருக்மணியிடம் மலாயில் மெல்லக் கேட்டார்.

"அக்கா... அவர் உட்கார்ந்திருக்கிற இலை யாருக்கு?"

"என் மகன் நடராஜனுக்கு."

மீரானுக்குப் பொறுக்கவில்லை. அவரும் மலாயிலேயே உரக்க ஆரம்பித்தார். "நம்ம பட்டாளத்துல இருந்த பையன்யா! ஜோகூர் காட்டுல, அக்கரையிலிருந்து வந்து இறங்கின சிப்பாய்ங்க சுட்டு..."

"இபு, இன்னும் கொஞ்சம் மீன் கிடைக்குமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொல்லைப்பக்கம் மீன் சட்டியை எடுக்கப் போன ருக்மணி, மீரானைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. சாப்பிடுற பிள்ளை காதுல விழுந்திடப்போகுது."