முகம் வராத படம்

மாடிப்படி ஏறியதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

பார்லர் வாசலில் புதிதாக ஒரு பேனர். இடது பக்கம் மசாஜுக்கு 'முன்'. வலது பக்கம் 'பின்'. இரண்டிலும் ஒரு பெண்ணின் தொடை.

அவளுடைய தொடை.

"முகம் வராதுக்கா. ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லித்தான் மசாஜ் செய்யும் ஜெசிந்தா படம் எடுத்திருந்தாள். பேனர் வைப்பார்கள் என்று இவள் கண்டாளா?

பின்னாலேயே அவன் ஏறி வந்துகொண்டிருந்தான். கட்டிய கணவன். இவளுடைய ஸ்கூட்டி சர்வீஸுக்குப் போயிருந்ததால் கொண்டுவிட வந்தவன். கீழேயே நில்லுங்கள் என்றாள். மழை பிடித்துக்கொண்டது.

வாரம் தவறாமல் இங்கே வந்து குப்புறப் படுக்கிறாள். எண்ணெய் தடவி, தோலைப் பிடித்துப் பிடித்துச் சப்பாத்தி மாவு மாதிரி உருட்டுவாள் ஜெசிந்தா. கன்றிப் போகும். தொடையில் விழும் குழிகளுக்கு செல்லுலைட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். குழிகள் லேசாகக் குறைந்திருக்கின்றன. 'பின்' படத்தில் வெளிச்சமும் தன் பங்குக்கு உதவியிருக்கிறது.

எல்லாம் அவனுக்காகத்தான். இதில் என்ன வெட்கம்?

விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவன், ஒருநாளாவது அணைக்காமல் பார்க்க வேண்டும்.

அவன் பேனர் பக்கத்தில் போய் நின்றான்.

'முன்' படத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, மிளகு அளவில் ஒரு மச்சம். கல்யாணமான புதிதில் அதற்குத்தான் எத்தனை முத்தம்.

கண்டுபிடித்தால் தொலைந்தாள். பொண்டாட்டியின் தொடை கடை வாசலில் தொங்குகிறது என்றால் எவன் சும்மா இருப்பான்?

பரவாயில்லை. கண்டுபிடிக்கட்டும். கத்தட்டும். ரோடு முழுக்கக் கேட்கட்டும்.



அவன் 'முன்' படத்தையே பார்த்தான். உதட்டைச் சுழித்தான். பிறகு இவள் பக்கம் திரும்பினான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் குரலில் கொஞ்சம் பிரியம் இருந்தது.

"உனக்கு இந்த அளவுக்கு மோசமில்லம்மா."

அவள் தலையாட்டினாள்.

உள்ளே போய்க் குப்புறப் படுத்தாள். இன்றைக்குப் பலமாக அழுத்தச் சொன்னாள்.

அழுதால் ஜெசிந்தா ஏன் என்று கேட்பாளே.