ராவிரியின் செல்கள்

ஆக்லாந்து ஆய்வகத்தில் மெரேயானா கண்ணாடித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ராவிரியின் தோல் செல்களை மாற்றி வளர்த்த இதயச் செல்கள் அதில் துடித்தன. அப்பாவைக் கொன்ற நோய்தான் அவனுக்கும். இதயச் செல்களுக்குள் கால்சியம் நுழையும் வாசல்கள் சரியாக மூடுவதில்லை. அவற்றை அடைக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டாள். துடிப்பு தளர்ந்து நின்றது.

கைபேசி ஒலித்தது.

"அக்கா, நெஞ்சை யாரோ புடிச்சு அமுக்குற மாதிரி இருக்கு. படகை ஓட்ட முடியல."

பதறிப்போய் மருந்தைக் கழுவினாள். செல்கள் மீண்டும் துடித்தன.

"அப்பாடா, விட்டுடுச்சு! சிப்பி வடையை ஒரு புடி புடிச்சேன்ல, அதான்."

அதன்பின் அவள் விடுப்பே எடுக்கவில்லை. தட்டை வேறு யாரையும் தொட விடவில்லை.

"கிறிஸ்துமஸுக்காவது ஊருக்கு வா. அந்தத் தட்டையா கட்டிக்கப் போற?" என்று ராவிரி கிண்டலடித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டில் வளரும் செல்களுக்கு ஆயுள் சில மாதங்கள்தான். ஓரத்தில் இருந்தவை ஏற்கெனவே நின்றுவிட்டன.