கண் மரத்துப் போகும்வரை

அப்பா கண்களை மூடிப் படுத்திருந்தார். வலது கண்மேல் பஞ்சு.

கண்புரை ஆபரேஷன். ஊசி போட்டாகிவிட்டது. கண் மரத்துப் போகப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை கண்ணைத் திறக்கக் கூடாது என்பது நர்ஸம்மாவின் உத்தரவு.

நான் சத்தமில்லாமல் உள்ளே வந்து சுவரோரம் நின்றேன். இந்த ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு நான்தான் தலைமை டாக்டர். ஆனாலும் பெற்ற அப்பாவின் கண்ணில் கத்தி வைக்க யாருக்குத் தைரியம் வரும்? வேறொரு டாக்டரிடம் ஒப்படைத்திருந்தேன்.

நர்ஸம்மா சரியான வாயாடி. நோயாளி பயப்படாமலிருக்க ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். என்னைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தார்.

"உங்க டாக்டர் பொண்ணைப் பத்திச் சொல்லுங்க ஐயா. கொடுத்து வச்சவர் நீங்க!"

காதைத் தீட்டிக்கொண்டேன். பொய் சொல்வானேன், அதற்காகத்தான் வந்ததே. அப்பா என்னை நேரில் ஒருநாளும் பாராட்டியதில்லை. வெளியே வாய் ஓயாமல் பெருமை பேசுகிறார் என்று அம்மா சொல்வாள். ஐம்பத்திரண்டு வயதாகிறது எனக்கு. ஒரே ஒரு தடவை அதை என் காதால் கேட்டுவிட வேண்டும்.

அவரோ தம்பியில் ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. அவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ரிப்பேர் வேலை பழக லாரிக்கு அடியில் போய்ப் படுத்தவன். வீட்டில் அன்றே தண்ணீர் தெளித்து விட்டோம். இன்று சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான், இருந்தென்ன, நகத்தில் கிரீஸ் போகவில்லை. விருந்தாளிகளிடம் அவனைக் கடைசியாகத்தான் அறிமுகப்படுத்துவோம்.

"பையன் தப்பிச்சுட்டாம்மா. என் பேச்சை மதிக்காம அவன் இஷ்டத்துக்குப் போனான், சந்தோஷமா இருக்கான். பொண்ணுதான் பாவம். நான் சொன்னதை அப்படியே செஞ்சுட்டா."

தூக்கிவாரிப் போட்டது.

பாவமா? நானா? எத்தனை ஆயிரம் பேருக்குப் பார்வை கொடுத்திருக்கிறேன்! என் அறைச் சுவரில் பதக்கம் மாட்ட இடமில்லை. அடப்பாவி அப்பா, என்று கத்திவிடலாம் போலிருந்தது.

நர்ஸம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு மேலும் உளறினார்.

"அவங்களுக்கு வேற என்னவா ஆகணும்னு ஆசை இருந்துச்சு ஐயா?"

"தெரியாதேம்மா. நான் கேட்டதே இல்ல."

எனக்கு ரத்தம் கொதித்தது. இதோ, கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன். இந்த வேலைதான் என் ஆசை என்று சொல்கிறேன். இல்லை, வேறு ஏதாவது இருந்திருந்தால் அதையாவது முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். விறுவிறுவென்று கட்டிலருகே போனேன்.

வாயைத் திறந்தேன்.

பத்து வயதில், பதினைந்து வயதில், பதினேழு வயதில் என்று அவசர அவசரமாகத் துழாவிப் பார்த்தேன். எல்லா வயதிலும் அப்பா சொன்னதுதான் இருந்தது.

ஐயோ, எனக்கும் தெரியவில்லை.